காதை அடைத்துக்கொண்டு ஆடலாமா? – பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றி ஒரு சத்த வரலாறு

ஒரு வீரர் மேசை மேல் குனிந்து கியூவை நீட்டுகிறார். ஒன்பதாம் எண் பந்து குழிக்கு ஓரடி தூரத்தில் நிற்கிறது. அது விழுந்தால் வெற்றி. சரியாக அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையில் ஒருவர் இருமுகிறார். பந்து குழியின் ஓரத்தில் இடித்துத் திரும்பி வருகிறது. இருமியவர் மேல் வழக்குப் போட முடியுமா? முடியாது. அப்படியானால் ஆடுபவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தால் என்ன? பஞ்சு வைக்கலாம் என்றால், இயர்போனில் பாட்டுக் கேட்டபடி ஆடலாமா?

சின்னக் கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் தேடிப் போனால் ஊட்டி கிளப், நியூயார்க் ஓட்டல், லண்டன் அரங்கம் என்று ஒரு பெரிய சுற்றே சுற்ற வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்த ஆட்டத்தில் அமைதி என்பது ஆரம்பத்திலிருந்து கூடவே வந்த விஷயம் அல்ல. சில இடங்களில் அது இருந்தது, சில இடங்களில் இல்லவே இல்லை.

இங்கே பேசப்போவது பெரும்பாலும் அமெரிக்க பாக்கெட் பில்லியர்ட்ஸ் பற்றி. ஆறு குழிகள் உள்ள மேசை, எண் போட்ட பந்துகள், ஒரு வெள்ளைப் பந்து. அதில் நைன்-பால் என்ற ஆட்டம்தான் பெரிய போட்டிகளில் அதிகம் ஆடப்படுகிறது. மேசையில் இருப்பதிலேயே குறைந்த எண் உள்ள பந்தை முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தை முறையாகக் குழியில் போட்டவர் அந்தச் சுற்றை ஜெயிப்பார். ஸ்னூக்கர் இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. அண்ணன் வளர்ந்த வீடு வேறு, தம்பி வளர்ந்த வீடு வேறு. கதை அங்கேதான் தொடங்குகிறது.

அமைதியான வீடும் சந்தடி வீடும்

ஸ்னூக்கர் பிறந்தது இந்தியாவில். 1875-ல் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லேன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, பழைய பில்லியர்ட்ஸ் ஆட்டங்களைக் கலந்து அதை உருவாக்கினார் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாறு. (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லேன் வேறு ஆள்.) 1882-ல் அதன் விதிகள் எழுதப்பட்டது நம்ம ஊட்டி கிளப்பில்! ராணுவ அதிகாரிகளும் கிளப் உறுப்பினர்களும் ஆடிய ஆட்டம் என்பதால், கிளப்பின் நாகரிகமும் அதோடு ஒட்டிக்கொண்டது. அடுத்தவர் அடிக்கும்போது பேசக்கூடாது, அவர் கண் பார்வையில் நடக்கக்கூடாது. கிளப் மரியாதையாக இருந்தது, போட்டியின் மரியாதையாகவும் ஆனது.

அமெரிக்காவில் கதை தலைகீழ். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் கூடங்கள் இருந்தன. எல்லோரும் கட்டிய பணத்தை ஒன்றாகச் சேர்த்து, ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் நடுவில் வந்தவர்களுக்குப் பொழுது போகவேண்டுமே! அதற்காகக் கூடத்தின் உரிமையாளர்கள் பில்லியர்ட்ஸ் மேசைகளைப் போட்டார்கள். கூட்டுப் பணத்துக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயர் முதலில் கூடத்துக்கு வந்தது, பிறகு அந்தக் கூடத்து ஆட்டத்துக்கே பெயராகிவிட்டது. பந்தயக் கூடத்தில் யார் யாரை "உஷ்" என்று அடக்குவது? கத்தல், சிரிப்பு, புகை, சில்லறைச் சத்தம், இவற்றுக்கு நடுவேதான் இந்த ஆட்டம் வளர்ந்தது.

ஆக, "அமைதி வேண்டும்" என்று கேட்பது ஸ்னூக்கர்காரருக்குப் பிறப்புரிமை. பாக்கெட் பில்லியர்ட்ஸ்காரருக்கோ அது பின்னாளில் வந்த ஆசை. காதடைப்பான் பற்றிய சண்டை ஏன் ஸ்னூக்கரைவிட இங்கே அதிகம் என்பதற்கு இது ஒரு காரணம்.

வாய் பேசியவரும் கை பேசியவரும்

பந்தயக் கூடத்தில் வளர்ந்தவர்களுக்குப் பேச்சும் ஓர் ஆயுதம். எதிராளி குனியும்போது தொண்டையைச் செருமுவது, சாக்குக் கட்டியைத் தட்டுவது, "பார்த்து அடிங்க, அந்தக் குழி கொஞ்சம் இறுக்கம்" என்று அக்கறையாகச் சொல்வது, இவையெல்லாம் அந்தக் கலையின் பாடங்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் சார்க்கிங். அதாவது சுறாமீன் வேலை.

இந்தக் கலையை நாடே பார்த்த நாள் ஒன்று உண்டு. 1978 பிப்ரவரி 14. நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் வில்லி மோஸ்கோனியும் மினசோட்டா ஃபேட்ஸும் மோதினார்கள். ஏ.பி.சி. தொலைக்காட்சி காட்டியது, ஹவர்ட் கோசெல் வர்ணனை செய்தார். மோஸ்கோனி 1941-க்கும் 1957-க்கும் இடையில் 15 முறை உலகப் பட்டம் வென்றவர். 1954-ல் ஓஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு பந்தைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 526 பந்துகளைக் குழியில் போட்டவர். கோட்டு, டை, ஒழுங்கு என்று இந்த ஆட்டத்துக்குக் கௌரவம் தேடியவர். ஃபேட்ஸின் நிஜப் பெயர் ருடால்ஃப் வான்டரோன். 1961-ல் வந்த 'தி ஹஸ்லர்' படத்தின் மினசோட்டா ஃபேட்ஸ் பாத்திரம் தன்னைப் பார்த்து எழுதப்பட்டதுதான் என்று சொல்லிச் சொல்லியே புகழ் பெற்றவர். வாய் ஓயாத மனிதர்.

அன்றைக்கும் ஃபேட்ஸ் பேசினார். கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். மோஸ்கோனி முகத்தில் எரிச்சல் தெரிந்தது. ஆனால் அடிகள் பிசகவில்லை. மோஸ்கோனிதான் ஜெயித்தார். "பார்த்தீர்களா, உண்மையான வீரனுக்குச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை" என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 15 முறை உலகப் பட்டம் வென்றவருக்கு எதிராளியின் வாயைத் தாண்டி ஆடத் தெரியும். அந்த உயரத்தில் இல்லாத ஆயிரம் பேர் என்ன செய்வார்கள்? சத்தத்தைத் தாங்குவது ஆட்டத் திறமையில் சேர்த்தியா, இல்லை ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் தொல்லையா?

இன்று உலக பாக்கெட் பில்லியர்ட்ஸ் சங்கத்தின் விதிகளில் எதிராளியின் கவனத்தைக் கலைப்பது முறையற்ற நடத்தை என்று தெளிவாக இருக்கிறது. நடுவர் அதற்குத் தண்டனை கொடுக்கலாம். அதாவது ஃபேட்ஸ் பாணிப் பேச்சுக்கு விதிப் புத்தகம் பதில் சொல்லிவிட்டது. ஆனால் விதி கட்டுப்படுத்துவது எதிராளியை மட்டும்தான். பார்வையாளர் கூட்டத்தை யார் கட்டுப்படுத்துவது?

ஊசி விழுந்தாலும் கேட்கும் அரங்கம்

இதற்கு ஸ்னூக்கர் கொடுத்த பதிலைப் பார்க்க இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குப் போக வேண்டும். 1977 முதல் உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப் அங்குள்ள குரூசிபிள் தியேட்டரில் நடந்துவருகிறது. நாடகத்துக்காகக் கட்டிய அரங்கம். சுமார் 980 இருக்கைகள்தான். முன்வரிசையில் உட்கார்ந்தால் ஆடுபவர் மூச்சுவிடுவது கேட்குமளவுக்கு நெருக்கம். சிப்ஸ் பாக்கெட் பிரிக்கும் சத்தம்கூட அங்கே இடி மாதிரிதான். யாருடைய செல்போனாவது அடித்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையே தண்டனை.

அங்கேயும் முழு அமைதி கிடையாது என்பதுதான் வேடிக்கை. அரையிறுதிக்கு முன்வரை இரண்டு மேசைகளில் பக்கத்துப் பக்கத்தில் ஆட்டம் நடக்கும். நடுவில் ஒரு தடுப்பு மட்டும். இந்தப் பக்கம் ஒருவர் உயிரைப் பிடித்துக்கொண்டு கறுப்புப் பந்துக்குக் குறிபார்க்கும்போது அந்தப் பக்கம் கைதட்டல் வெடிக்கும். வீரர்கள் அதற்குப் பழகிக்கொள்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை, அங்கே காதில் கருவி மாட்டியிருப்பவர்கள் பார்வையாளர்கள்! வர்ணனையைக் கேட்பதற்காகச் சின்னக் காதொலிக் கருவிகளை அரங்கத்தில் விற்பார்கள். வர்ணனையாளர் ஒரு ஜோக் அடித்தால் திடீரென்று பாதி அரங்கம் சிரிக்கும். ஆடுகிறவருக்கு மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது.

ஸ்னூக்கரும் எப்போதும் அந்த அமைதியையே பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. 2011-ல் பிளாக்பூலில் மறுபடி தொடங்கிய ஷூட்-அவுட் போட்டியில் ஓர் ஆட்டத்துக்குப் பத்தே நிமிடம். கூட்டம் கத்தலாம், பாடலாம். 2017-ல் அதற்குத் தரவரிசைப் போட்டி என்ற அந்தஸ்தும் கொடுத்தார்கள். கத்தல் நடுவே ஜெயிப்பதும் உலகத் தரவரிசையில் சேரும் என்றாகிவிட்டது. கூட்டம் சத்தம் போட்டால் டிக்கெட் விற்கிறது, தொலைக்காட்சியில் களை கட்டுகிறது. வியாபாரம் என்று வரும்போது கிளப் மரியாதையும் வளைந்து கொடுக்கிறது.

மோஸ்கோனி கோப்பை: பேர் அமைதிக்காரருடையது, சத்தம் அவருக்கு எதிரானது

இந்த வியாபாரத்தின் உச்சம் மோஸ்கோனி கோப்பை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் இந்த நைன்-பால் அணிப் போட்டி 1994-ல் இங்கிலாந்தின் ரோம்ஃபோர்டில் தொடங்கியது. வாழ்நாள் முழுக்க ஒழுங்கையும் கோட்டு டையையும் வலியுறுத்திய மோஸ்கோனியின் பெயரை வைத்துக்கொண்டு, கால்பந்து மைதானம் மாதிரி கத்தும் கூட்டத்தோடு நடக்கிறது. பாட்டு, கோஷம், எதிரணி தவறவிட்டால் ஆரவாரம்! முதன்முறை அங்கே போய் ஆடுபவர்களுக்குக் கை நடுங்குகிறது என்று வீரர்களே சொல்வார்கள்.

சத்தம்தான் வீரர்களைத் தோற்கடிக்கிறது என்றால் வெளியூர் அணி எப்போதும் தோற்க வேண்டும். ஆனால் 2018-ல் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில், ஐரோப்பிய ரசிகர்களின் சத்தத்துக்கு நடுவே, அமெரிக்கா 11–9 என்று ஜெயித்தது. 2009-க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் கோப்பை அதுதான். இரண்டு வருடம் கழித்து, 2020-ல், கொரோனா காரணமாகக் கோவென்ட்ரியில் பார்வையாளரே இல்லாமல் போட்டி நடந்தது. கத்துவதற்கு ஆளே இல்லை. அமெரிக்கா 3–11 என்று தோற்றது.

இரண்டு போட்டிகளை வைத்து ஒரு கோட்பாடு கட்ட முடியாது. அணியில் ஆட்களும் கொஞ்சம் மாறியிருந்தார்கள். ஆனால் ஒன்று மட்டும் புரிகிறது. சத்தம் எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. சிலருக்கு அது சூடேற்றும் நெருப்பு, சிலருக்குச் சுடும் நெருப்பு. எல்லோருக்கும் பொருந்தும்படி அரங்கத்தின் சத்தத்தை ஒரே அளவில் வைக்க எந்த அமைப்பாளராலும் முடியாது. அப்போது மிச்சமிருப்பது ஒரே வழிதான். அவரவர் காதில் அவரவரே திருகு வைத்துக்கொள்வது.

காதுக்கவசம் போட்ட சாம்பியன்

அந்தத் திருகைப் பகிரங்கமாக மாட்டிக்கொண்டு வந்தவர் ஏர்ல் ஸ்டிரிக்லேண்ட். வடக்கு கரோலினாக்காரர். அமெரிக்க ஓப்பன் நைன்-பால் பட்டத்தை 1984, 1987, 1993, 1997, 2000 என்று ஐந்து முறை வென்றவர். 1990, 1991, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலக நைன்-பால் சாம்பியன். திறமையில் குறை சொல்ல ஆளில்லை. கோபத்திலும் அவருக்கு நிகர் ஆளில்லை. மோஸ்கோனி கோப்பையில் கூட்டத்தோடு அவர் வாக்குவாதம் செய்த காட்சிகள் பிரபலம்.

2010-களில் அவர் ஆடும்போது பெரிய காதுக்கவசம் மாட்ட ஆரம்பித்தார். சாலையைத் துளைபோடும் இயந்திரத்தோடு வேலை செய்பவர்கள் மாட்டுவார்களே, அதே ரகம். பார்த்தவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். "இவருக்கு எப்போதும் ஏதாவது கோமாளித்தனம்" என்றார்கள். விமானம் இறங்கும் இடத்தில் கொடி அசைப்பவரா என்று கேலி செய்தவர்களும் உண்டு.

கேலியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால் அவர் செய்தது என்ன? சத்தம் தன் கோபத்தைக் கிளறுகிறது என்று தெரிந்த ஒரு மனிதர், கூட்டத்தோடு சண்டை போடுவதற்குப் பதில் தன் காதை மூடிக்கொண்டார். அவரால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. சண்டையைவிட இது நல்லதுதானே!

கருவியை அணைத்த சாம்பியன்

இதற்குப் பக்கத்தில் இன்னொருவரை வைத்துப் பார்க்க வேண்டும். ஷேன் வான் போனிங். 1983-ல் தெற்கு டகோட்டா மாநிலத்தின் ராபிட் சிட்டியில் பிறந்தவர். பிறவியிலேயே காது கேட்பதில் குறைபாடு. காது கேட்கும் கருவியோடுதான் வளர்ந்தார். குடும்பமே பில்லியர்ட்ஸ் குடும்பம். அமெரிக்க ஓப்பனை 2007, 2012, 2013, 2014, 2016 என்று ஐந்து முறை வென்றார். 2022-ல் மில்டன் கீன்ஸில் ஆஸ்திரியாவின் ஆல்பின் ஊஷானை 13–6 என்று வீழ்த்தி உலக நைன்-பால் சாம்பியன் ஆனார். மேலே சொன்ன 2018 அணியிலும் 2020 அணியிலும் அவர் இருந்தார்.

ஆட்டத்தின்போது சத்தம் வேண்டாம் என்று தோன்றினால் அவர் கருவியை அணைத்துவிடலாம். அப்படிச் செய்வதுண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டவர்கள் "அடடா, குறையை வரமாக்கிக்கொண்டார்" என்று பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஸ்டிரிக்லேண்ட் கவசத்தை மாட்டி அடைந்த அமைதியும், வான் போனிங் கருவியை அணைத்து அடைந்த அமைதியும் ஒன்றுதான். ஒன்றுக்குச் சிரிப்பு, ஒன்றுக்குக் கைதட்டல்.

இதை வைத்துச் சிலர், "காது கேளாதவருக்கு அநியாயமாக ஒரு வசதி கிடைக்கிறது" என்றும் முணுமுணுப்பார்கள். அது சரியான பேச்சு அல்ல. நாள் முழுக்க, வாழ்நாள் முழுக்க, மற்றவர்கள் பேசுவதைப் பிடிக்கச் சிரமப்படும் ஒருவருக்கு மேசைமுன் நான்கு மணி நேரம் கிடைக்கும் நிம்மதியைக் கணக்குப் பார்ப்பதா? கணக்குப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் அதற்கு எளிய தீர்வு இருக்கிறது. மற்றவர்களுக்கும் காதடைப்பானை அனுமதித்துவிடுங்கள். கணக்கு நேராகிவிடும்.

மற்ற ஆட்டங்கள் என்ன சொல்கின்றன?

சத்தத் தகராறு பில்லியர்ட்ஸுக்கு மட்டும் சொந்தமில்லை. 1972-ல் ரெய்க்யாவிக்கில் நடந்த உலகச் சதுரங்கப் போட்டியில் பாபி ஃபிஷர், படம் பிடிக்கும் கேமராக்களின் சத்தம் தாங்கவில்லை என்று புகார் செய்தார். முதல் ஆட்டத்தில் தோற்று, இரண்டாவதற்கு வராமலே விட்டார். மூன்றாவது ஆட்டத்தை மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் வைத்தார்கள். ஃபிஷர் ஜெயித்தார். போரிஸ் ஸ்பாஸ்கியை அவர் வென்றது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் முறை. கடைசியில் பட்டமும் அவருக்கே. அதே சதுரங்கத்தில் மிகைல் பொத்வின்னிக் வேறு மாதிரி. பயிற்சியின்போது வேண்டுமென்றே ரேடியோவை அலறவிட்டு, முகத்தில் சிகரெட் புகை ஊதச் சொல்லிப் பழகியவர். சத்தத்தை விலக்குவது ஒரு வழி, சத்தத்துக்குப் பழகுவது ஒரு வழி. இரண்டு வழியிலும் உலகச் சாம்பியன்கள் வந்திருக்கிறார்கள்.

நம் கேள்விக்கு மிக நெருக்கமான பதில் இருப்பது துப்பாக்கி சுடுதலில். அங்கே காதைக் காப்பது உடல்நல விஷயம் என்பதால் காதுக்கவசம் சாதாரணம். ஆனால் சர்வதேச விதி ஒரு கோடு போட்டிருக்கிறது. சத்தத்தைக் குறைக்கும் கவசம் போடலாம். சத்தத்தைத் தரும் கருவியோ, தகவல் வாங்கும் கருவியோ வீரர் காதில் இருக்கக்கூடாது. ஓட்டப்பந்தயத்திலும் இதே எண்ணம்தான். தடகளப் போட்டிகளின் விதிகளில் ரேடியோ, செல்போன் போன்றவற்றைப் பந்தயத்தின்போது வைத்திருப்பது உதவி பெறுவதாகக் கருதப்பட்டது. அமெரிக்கத் தடகள அமைப்பு 2007-ல் ஹெட்போனைத் தடை செய்தது; பொழுதுபோக்காக ஓடுபவர்கள் சத்தம் போட்டதால் அடுத்த ஆண்டே அவர்களுக்கு மட்டும் தளர்த்தியது. பரிசுக்கு ஓடுபவர்களுக்குத் தளர்த்தவில்லை.

ஏன் இந்தக் கண்டிப்பு? டில்லியில் 2006-ல் நடந்த சம்பவம் விளக்கும். ஒரு சதுரங்கப் போட்டியில் ஒரு வீரரின் தொப்பிக்குள் புளூடூத் கருவி தைத்து வைக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து கணினியின் உதவியோடு நகர்வுகள் காதுக்கு வந்தன. இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குப் பத்தாண்டுகள் தடை விதித்தது. காதில் இருப்பது பாட்டா, பயிற்சியாளர் குரலா என்று வெளியிலிருந்து பார்க்கும் நடுவருக்கு எப்படித் தெரியும்?

பில்லியர்ட்ஸிலும் இந்த ஆபத்து உண்டு. எந்தப் பந்திலிருந்து எந்தப் பந்துக்குப் போவது, அடிக்கலாமா பதுங்கலாமா என்பதெல்லாம் பாதி ஆட்டம். அமெரிக்காவின் ஏ.பி.ஏ. அமெச்சூர் லீக்கில் ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் வந்து ஆலோசனை சொல்ல டைம்-அவுட் உண்டு. அதற்கு எண்ணிக்கை வரம்பும் உண்டு. வரம்பு வைத்துக் கொடுக்கும் பொருளை இயர்போன் வழியாக வரம்பில்லாமல் வாங்கிக்கொள்ள விடமுடியுமா?

அடைப்பான் வேறு, ஒலிப்பான் வேறு

காதடைப்பானுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1907-ல் பெர்லினில் மாக்ஸ் நெக்வர் என்ற மருந்துக்கடைக்காரர் மெழுகையும் பஞ்சையும் கலந்து ஓரோபாக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கடல்கன்னிகளின் பாட்டில் மயங்காமலிருக்க மாலுமிகளின் காதில் மெழுகு அடைத்த கிரேக்கக் கதைதான் அவருக்குத் தூண்டுதல். எழுத்தாளர் காஃப்கா அதன் வாடிக்கையாளர். 1970-களில் விரலால் உருட்டிச் செருகும் நுரைப் பஞ்சு அடைப்பான் வந்தது. சரியாகச் செருகினால் சுமார் 30 டெசிபல் வரை குறைக்கும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் என்றால், அது கிசுகிசுப்பு அளவுக்கு இறங்கிவிடும். முழுச் செவிடாக்காது.

இயர்போன் வேறு பரம்பரை. 1979-ல் சோனி வாக்மேன், 2001-ல் ஐபாட், பிறகு ஒயரே இல்லாத புளூடூத் மொட்டுகள். இரைச்சல் நீக்கும் ஹெட்போன், வெளிச்சத்தத்துக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அதை அடிக்கிறது. விமான எஞ்சின், ஏ.சி. போன்ற ஒரே மாதிரி ஓடும் சத்தத்துக்கு அது கில்லாடி. ஆனால் திடீரென்று வரும் இருமலையும் கத்தலையும் அவ்வளவு நன்றாகப் பிடிக்காது. பில்லியர்ட்ஸ்காரரைக் கெடுப்பது திடீர்ச் சத்தம்தான். ஆக, விலை உயர்ந்த கருவியைவிடப் பத்து ரூபாய்ப் பஞ்சு இந்த வேலைக்குப் பொருத்தம்!

பஞ்சுக்கும் ஒரு விலை உண்டு. காதை அடைத்தால் வெளிச்சத்தம் குறையும், உள்சத்தம் கூடும். தன் மூச்சும், எச்சில் விழுங்குவதும், சில சமயம் இதயத் துடிப்பும் காதுக்குள் பெரிதாகக் கேட்கும். பதற்றத்தில் இருப்பவருக்குத் தன் இதயம் படபடப்பதைக் கேட்பது பக்கத்து ஆள் இருமலைவிட மோசமாகக்கூட இருக்கலாம். பழகாமல் போட்டியன்று மாட்டிக்கொண்டு போவது புத்திசாலித்தனம் இல்லை.

காது இல்லாமல் ஆட முடியுமா?

காதடைப்பானுக்கு எதிரான உண்மையான வாதம் இனிமேல்தான் வருகிறது. இந்த ஆட்டத்தில் சில விஷயங்கள் காது வழியாகத்தான் வருகின்றன.

நைன்-பாலில் ஒருவர் தொடர்ந்து மூன்று முறை ஃபவுல் செய்தால் அந்தச் சுற்றையே இழப்பார். ஆனால் இரண்டாவது ஃபவுலுக்குப் பிறகு அவருக்கு எச்சரிக்கை சொல்லியிருக்க வேண்டும். எச்சரிக்கையை அவர் கேட்கவில்லை என்றால்? "சொன்னேன்", "கேட்கவில்லை" என்று தகராறு. தொடக்க அடிக்குப் பிறகு 'புஷ்-அவுட்' எடுப்பதை எதிராளி வாயால் அறிவிப்பார். அதைக் கேட்காவிட்டால் நல்ல அடியை ஃபவுல் என்று நினைத்துக் குழப்பம் வரும். ஷாட் கிளாக் வைத்த போட்டிகளில் நேரம் முடியப்போவதைச் சொல்லும் ஒலி உண்டு. கியூ வெள்ளைப் பந்தை ஒருமுறைக்கு இருமுறை தொட்டுவிட்டால், அந்த வித்தியாசம் கண்ணைவிடக் காதுக்கு முதலில் தெரியும். அனுபவசாலிகள் சத்தத்தை வைத்தே அடி சுத்தமா என்று சொல்லிவிடுவார்கள்.

இந்த வாதம் நியாயமானது. ஆனால் இதே வாதம் வான் போனிங்குக்கும், காது கேளாத மற்ற எல்லா வீரர்களுக்கும் எதிராகவும் திரும்பும் என்பதை மறக்கக்கூடாது. "காது கேட்காவிட்டால் ஆட்டம் நடத்த முடியாது" என்று சொன்னால், அவர்களை வீட்டுக்குப் போகச் சொல்வதாக அர்த்தம். உலகம் அப்படிச் சொல்லவில்லை. 2015-ல் தொடங்கிய உலக மாற்றுத்திறனாளி பில்லியர்ட்ஸ் – ஸ்னூக்கர் அமைப்பில் செவித்திறன் குறைந்தவர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அவர்கள் ஆடுகிறார்கள், நடுவர்கள் நடத்துகிறார்கள். கை உயர்த்துவது, விரல் காட்டுவது, எதிராளி தலையசைத்து ஒப்புக்கொள்ளும்வரை காத்திருப்பது எல்லாம் பெரிய விஞ்ஞானமா?

காது கேளாதவருக்காக ஒரு கைச் சைகையைப் பழகிக்கொண்ட போட்டியில், காதை அடைத்துக்கொண்டவரும் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஆடலாம். சாய்வுப் பாதையைச் சக்கர நாற்காலிக்காகக் கட்டினால், பெட்டி இழுத்து வருபவரும் அதில் ஏறிக்கொள்கிறாரே, அந்த மாதிரி.

முடிவாக

உலகச் சங்கத்தின் விதிகள், புதுமையான உபகரணங்களை ஆட்டத்துக்குள் கொண்டுவருவதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. சந்தேகம் இருந்தால் போட்டி தொடங்குமுன் அமைப்பாளர்களிடம் கேட்கச் சொல்கின்றன. அதனால் முடிவு பெரும்பாலும் அந்தந்தப் போட்டியின் கையில் இருக்கிறது. அவர்கள் கையில் கொடுக்க வரலாறு சில பாடங்களை வைத்திருக்கிறது.

காதடைப்பானை அனுமதிக்க வேண்டும். அது வெளியிலிருந்து வருவதைக் குறைக்கிறதே தவிர எதையும் கொண்டுவருவதில்லை. எதிராளிக்கு நஷ்டமில்லை, கூட்டத்துக்குத் தடையில்லை. ஆட்டம் நடக்கும்போது இயர்போனை அனுமதிக்கக்கூடாது. பாட்டு கெட்டது என்பதால் அல்ல. அதில் வருவது பாட்டுதானா என்று நிரூபிக்க யாராலும் முடியாது என்பதால். ஆட்டத்துக்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கட்டும். காது கேட்கும் கருவி வைத்திருப்பவர் அதைப் போடுவதும் அணைப்பதும் அவர் உரிமை. அதில் வெளி இணைப்பு இல்லை என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் போதும். அடைப்பான் போட்டு வருபவர் அதை நடுவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஃபவுல், எச்சரிக்கை, புஷ்-அவுட் மூன்றையும் கையாலும் காட்ட வேண்டும். எதிராளி பார்த்தார் என்று உறுதி செய்தபிறகே அடுத்த அடி.

ஊட்டி கிளப்பில் அமைதி என்பது எல்லோரும் சேர்ந்து கொடுத்த மரியாதை. பந்தயக் கூடத்தில் அப்படி ஒரு மரியாதையே கிடையாது. இன்றைய போட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கூட்டம் கத்தத்தான் செய்யும், கத்தினால்தான் போட்டிக்குப் பணம் வரும். பரிசுப் பணமும் அதிலிருந்துதான் வருகிறது. அந்தச் சத்தத்தை வைத்துச் சம்பாதிக்கும் ஒரு விளையாட்டு, அதன் நடுவே நின்று ஒன்பதாம் பந்துக்குக் குறிபார்க்கும் மனிதருக்கு இரண்டு துண்டுப் பஞ்சையாவது மறுக்காமல் இருக்கலாம்.